பொத்தானுக்குப் பொத்தான் காவலாளியா?

யாழ்ப்பாணத்தில் இணையத்தளம் செய்யப் பழகும் பெடியளிடம் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. பக்கத்தில் பிறகு வந்து சேர்ந்த பொத்தானைத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லையா, அதற்குக் கிளிக் ஹாண்ட்லரை, அதாவது தட்டு விழுந்தால் ஓடவேண்டிய ஃபங்ஷனை, திரும்பக் கட்டவேண்டும். அதிலும் களைத்துப்போனால் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு மாறவேண்டும். வகுப்பெடுப்பவரும் இதைத்தான் சொல்கிறார், வேலையிடத்தில் மூத்தவரும் இதைத்தான் சொல்கிறார். இரண்டும் தேவையில்லை. முதலாவது கெடுதலும்கூட.

எங்கள் ஆட்களுக்கு நன்றாகப் பழகிய பக்கமொன்றை எடுப்போம்: மரண அறிவித்தல். முதலில் பத்து அறிவித்தல் தெரியும். கீழே இறங்க இறங்கப் பத்துப் பத்தாய் மேலும் வந்து சேரும். ஒவ்வொன்றின் கீழும் அனுதாபம் தெரிவிக்க ஒரு பொத்தான். பழகுநர் ஒருவர் இதைச் செய்தால் முதல் பத்தும் வேலை செய்யும், பிறகு வந்தவை சும்மா நிற்கும். பக்கம் திறந்தபோது ஓடிய நிரல், அந்த நேரத்தில் இருந்த பத்துப் பொத்தான்களை மட்டுந்தான் கண்டது. பிறகு வந்தவற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

உடனே வருகிறது 'திரும்பக் கட்டு' வைத்தியம். புதிய பத்து வந்ததும் பக்கத்திலுள்ள எல்லாப் பொத்தான்களையும் தேடி மறுபடி ஹாண்ட்லர் போடுகிறார்கள். பழைய பத்துக்கும் அது இரண்டாந்தரம் விழுகிறது. அதே ஃபங்ஷனையே திரும்பக் கொடுத்தால் உலாவி இரண்டாவதைக் கணக்கில் எடுக்காது. ஆனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத ஃபங்ஷனை அந்த இடத்திலேயே எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது புதியது. ஜேகுவரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகமோ கேள்வியே கேளாமல் சேர்த்துக்கொள்ளும். மூன்று தரம் கீழே இறங்கிவிட்டு முதலாவது அறிவித்தலைத் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு நான்கு அனுதாபம் போகும். செத்த வீட்டாருக்கு இது என்ன மரியாதை?

இந்த வைத்தியத்துக்கும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: கட்டுமுன் எல்லாவற்றையும் கழற்றிவிடு. கழற்றும்போது அதே பொத்தானில் இன்னொருவர் வைத்த ஹாண்ட்லரும் சேர்ந்து போய்விடும். வேறு சிலர் இன்னர் எச்டிஎம்எல்லில் கூட்டல் சமன் போட்டுப் புதியதை ஒட்டுகிறார்கள். அப்போது உலாவி உள்ளே இருந்ததை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுகிறது; நன்றாக வேலை செய்த பழைய பொத்தான்களும் படுத்துவிடுகின்றன.

இன்னொரு கூட்டம் ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒன்கிளிக் எழுதி, இறந்தவரின் விபரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் சொருகுகிறது. அது வேலை செய்யும், மறுக்கவில்லை. சென் ஜோன்ஸ் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் காலமாகும்வரை வேலை செய்யும். கல்லூரியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ்ஸுக்கு முன்னால் வருகிற அந்தச் சின்னக் குறி மேற்கோளை நடுவில் வெட்டிவிடும். சென் பற்றிக்ஸ்காரருக்கும் இதே கதிதான். குழப்படிக்காரன் ஒருவன் அதே ஓட்டைக்குள்ளால் தன் நிரலையும் நுழைக்கலாம்.

கிளிக் என்பது பொத்தானுக்கே சொந்தம் என்ற நினைப்புத்தான் இத்தனைக்கும் வேர். தட்டு விழுந்ததும் அந்த நிகழ்வு பொத்தானோடு நின்றுவிடுவதில்லை. பொத்தானைச் சுற்றியிருக்கும் உறுப்பு, அதைச் சுற்றியிருப்பது என்று ஆவணத்தின் உச்சிவரை ஏறிப்போகும். 2000 நவம்பரிலேயே டபிள்யூ3சி தன் டொம் இரண்டாம் நிலைப் பரிந்துரையில் இதை எழுதிவைத்துவிட்டது. வீட்டில் நேற்றுப் பிறந்த பிள்ளையும் வெளியே போவதென்றால் படலையால்தான் போகவேண்டும். படலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் முன்கூட்டிக் காட்டிவைக்கத் தேவையில்லை. அதுபோல, அறிவித்தல் பட்டியலைச் சுற்றியிருக்கும் ஒரே உறுப்பில், பக்கம் திறக்கும்போது ஒரேயொரு ஹாண்ட்லர் வையுங்கள். நாளைக்கு வரும் பொத்தானும் அதற்குள் அடங்கும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். பொத்தானுக்குள் ஒரு பூப்படம் இருந்து, தட்டு அதில் விழுந்தால், நிகழ்வின் இலக்காக வருவது பொத்தான் அல்ல, படம். அதனால் இலக்கிலிருந்து 'குளோசெஸ்ட்' கொண்டு மேலே தேடிப் பொத்தானைப் பிடிக்கவேண்டும். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுத்தான் பலர் 'அந்த முறை சரிவராது' என்று கைவிட்டார்கள்.

பழைய பாடங்களும் ஆட்களைக் குழப்பியிருக்கின்றன. ஜேகுவரி 2009 இல் 'லைவ்' என்று ஒன்றைத் தந்தது, 2010 இல் 'டெலிகேட்' வந்தது, 2011 நவம்பரில் 1.7 பதிப்போடு 'ஒன்' வந்தது. 2013 இல் 1.9 பதிப்பு லைவ்வைத் தூக்கிவிட்டது. லைவ் போட்ட பழைய பாடத்தைப் பார்த்து எழுதிப் பிழைச்செய்தி வாங்கியவர்கள், முறையே ஒழிந்துபோனது என்று நினைத்துவிட்டார்கள். போனது பெயர் மட்டும். 'ஒன்'னைப் பட்டியலில் வைத்து, பொத்தானின் தேர்வியை நடுவில் கொடுத்தால் அதே அலுவல்தான். ஜேகுவரி செத்துப்போச்சு என்பவர்களுக்கும் ஒரு சொல்: நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகத்தைத் தாங்கும் மீடியாவிக்கி மென்பொருள் ஜேகுவரியை இன்னும் கூடவே கொண்டுதான் வருகிறது.

ரியாக்டுக்கு ஓடுகிறவர்கள் தெரியாமல் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பது வேடிக்கை. அங்கே ஒவ்வொரு பொத்தானிலும் ஒன்கிளிக் எழுதுகிறோம்; ஆனால் ரியாக்ட் அதைப் பொத்தானில் கட்டுவதில்லை. தொடக்கத்திலிருந்து ஆவணத்தின் உச்சியில் இருந்து கேட்டது, 2020 ஒக்ரோபரில் வந்த 17 ஆம் பதிப்பிலிருந்து செயலியின் வேர் உறுப்பில் இருந்து கேட்கிறது. படலை முறையேதான். பெரிய செயலிக்கு ரியாக்ட் நல்லது. பத்து அறிவித்தலுக்காக, சிக்னல் ஒரு கோடு காட்டும் கைத்தொலைபேசிக்கு அதை இறக்குமதி செய்வது வீண்செலவு.

படலை முறையை ஆதரிப்பவர்களும் சில வேளை மிகைப்படுத்துகிறார்கள். நூறு ஹாண்ட்லர் வைத்தால் போன் திணறும் என்பது பயமுறுத்தல். இன்றைய போனுக்கு அது பெரிய சுமையல்ல. எல்லா நிகழ்வும் மேலே ஏறும் என்பதும் பிழை. ஃபோகஸும் புளரும் ஏறா, அவற்றுக்கு ஃபோகஸின், ஃபோகஸவுட் இருக்கின்றன. மவுஸ்என்டரும் ஏறாது.

படலை முறையை உண்மையாகவே முறிப்பது 'ஸ்டொப் புரொப்பகேஷன்'. கீழே யாராவது அதை எழுதிவைத்தால் நிகழ்வு வழியிலேயே நின்றுவிடும், மேலே இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அது ஏன் அங்கே வந்தது என்று தேடிப்போனால், பெட்டிக்கு ஒரு ஹாண்ட்லர், பெட்டிக்குள் இருக்கும் பொத்தானுக்கு இன்னொன்று என்று கட்டி, இரண்டும் சேர்ந்து ஓடுவதைக் கண்டு பயந்தவர் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.