முதலில் சறுக்கட்டும், பிறகு ஓடட்டும்

புதிய கார் வாங்குவோர் கேட்கும் கேள்விகளை நாம் அறிவோம். வட்டி விகிதம் என்ன, மாதத் தவணை எவ்வளவு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அந்தக் காரின் பிரேக்கை முழு வலுவுடன் ஒருமுறையேனும் மிதித்துப் பார்த்ததுண்டா என்று ஐந்தாண்டு கழித்து அவர்களிடமே கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்றே கூறுவர். நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன்.

பெருநகரங்களில் இன்று கார் ஆர்வலர் குழுக்கள் பல உள்ளன. அவற்றுள் சில, ஆண்டுக்கு ஒருமுறை பந்தயத் தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்கள் தம் சொந்தக் கார்களை ஓட்டிப் பார்க்க வழிசெய்கின்றன. இடத்துக்குக் குறைவில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத் தளம் 1990 முதல் இயங்குகிறது. கோயம்புத்தூரில் கரி தளம் உண்டு. 2011இல் பார்முலா ஒன் பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாத் தளம் 5 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. எங்கள் குழு இத்தகைய நாளை மூன்று முறை நடத்தியிருக்கிறது. மூன்றிலும் ஏற்பாட்டாளர்களுள் ஒருவனாக நான் இருந்தேன். நாங்கள் முதலிரண்டு முறையும் நிகழ்ச்சியைத் தலைகீழாக நடத்தினோம் என்பதே என் கருத்து.

காலையில் அனைவரும் உற்சாகமாகப் பந்தயத் தளத்தில் சுற்றினர். மதிய உணவுக்குப் பின், களைத்துப்போன நேரத்தில், சறுக்குத் தளப் பயிற்சி. அதற்குள் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டிருந்தனர். உண்மையில் அன்றைய நாளின் சாரமே அந்தச் சறுக்குத் தளத்தில்தான் இருந்தது.

சறுக்குத் தளம் என்பது வேண்டுமென்றே நனைத்து வழுவழுப்பாக வைக்கப்படும் அகன்ற வெளி. தனித் தளம் இல்லாத இடத்தில் அகலமான தார்ப்பரப்பையும் ஒரு தண்ணீர் லாரியையும் கொண்டு ஒப்பேற்றலாம். மோதுவதற்குச் சுவரோ மரமோ அருகில் இருத்தலாகாது. ரப்பர்க் கூம்புகள் மட்டும் போதும். மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்திலேயே கார் பிடிமானத்தை இழந்துவிடும். கடுமழையில் நெடுஞ்சாலையில் என்ன நேருமோ, அதையே இங்கு உயிருக்கு அஞ்சாமல் பலமுறை நிகழ்த்திப் பார்க்கலாம்.

அங்கு நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் இவ்வமைப்பு வேலை செய்யும்போது பிரேக் மிதி காலடியில் படபடவென்று அதிரும். அன்று வந்தவர்களில் பலர், அந்த அதிர்வைக் கோளாறு என்று எண்ணிக் காலை எடுத்துவிட்டனர். காப்பாற்றுவதற்காகவே விலை கொடுத்து வாங்கிய கருவி காப்பாற்ற முனையும் கணத்தில், அதை நாமே தடுத்துவிடுகிறோம்! காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியும் என்பதை மூன்றாவது முயற்சியில் அவர்கள் உணர்ந்தபோது முகத்தில் தெரிந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்சக்கரங்கள் வழுக்கினால் ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவதால் பயனில்லை என்பதும், பின்பகுதி விலகினால் அது விலகும் திசையிலேயே திருப்ப வேண்டும் என்பதும் புத்தகத்தில் படித்தால் மனத்தில் நிற்பதில்லை.

கணக்கும் எளியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நாம் சுதாரித்துக்கொள்ளும் ஒரே வினாடியில் கார் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அதன்பின் நல்ல உலர்ந்த சாலையில் நிற்க 20 மீட்டர் வேண்டுமெனில், நனைந்த சாலையில் 35 மீட்டர் வரை ஆகலாம். 2022இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு. ஒரு குழுவின் ஒருநாள் பயிற்சி அந்த எண்ணைக் குறைத்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆயினும் எங்கள் முப்பது நாற்பது குடும்பங்களுக்கு அது பொருட்டுதான்.

பந்தயத் தளத்தில் ஓட்டுவது தவறென்பதும் என் வாதமன்று. பொதுச் சாலையில் முறுக்கிப் பார்ப்பதைவிட அங்கு ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதற்கொரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் அழைப்பது நேர்மையாகாது.

ஈராண்டுக்கு முன் எங்கள் உறுப்பினர் ஒருவர் ஏழு மாதமே ஆன காருடன் வந்தார். கடனில் வாங்கிய கார். புறப்படுமுன் என்னிடம், "இன்சூரன்ஸ் இருக்கிறதல்லவா சார், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாம்தானே?" என்று கேட்டார். பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே, "ஆமாம், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். தொடர்ந்து வேகமாகச் சுற்றியதில் பிரேக் எண்ணெய் கொதித்து, நேர்பாதையின் முடிவில் மிதி பஞ்சுபோல் அமுங்கிவிட்டது. கார் டயர்ச் சுவரில் மோதி நின்றது. தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் இருந்ததால் அவருக்குக் காயமில்லை. பழுதுநீக்கச் செலவு ஏறக்குறைய நான்கு லட்சம் ரூபாய். காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது.

அந்நிறுவனத்தைக் குறைகூற எனக்கு நியாயமில்லை. நம் நாட்டுத் தனிநபர் கார்களுக்கான காப்பீட்டுப் பத்திரத்தில் பயன்பாட்டு வரம்புகள் என்றொரு பகுதி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு பொருந்தாது என்று அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. நான் அதைப் படித்ததே விபத்துக்குப் பின்னர்தான். கடனுக்கான மாதத் தவணையோ காப்பீட்டைக் கேட்டுக்கொண்டு வருவதன்று. கார் பட்டறையில் நின்றாலும் அதற்குரிய தேதியில் கணக்கிலிருந்து போகும்.

எனவே சென்ற ஆண்டு சிலவற்றை மாற்றினோம். காலையில் சறுக்குத் தளம். அதை முடித்தவர்க்கே பிற்பகலில் பந்தயத் தளம். ஸ்டாப்வாட்சுக்குத் தடை. நான்கு சுற்றுக்கு மேல் யாரும் தொடர்ந்து ஓட்டலாகாது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால், அதைப் புதிதாக மாற்றிய ரசீது கட்டாயம். ஆம்புலன்ஸ் எக்காரணத்தாலாவது தளத்தை விட்டுச் சென்றால், அது திரும்பும்வரை ஒரு காரும் நகரக்கூடாது. கட்டணம் ஒருவரது சொந்தக் கணக்கில் சேராமல் குழுவின் பெயரிலுள்ள கணக்கில் சேர வேண்டும். மழையால் நாள் தள்ளிப்போகும்போதுதான் இதன் அருமை புரியும். பதிவுப் படிவத்தின் முதல் பத்தியே, தங்கள் காப்பீடு இங்கு செல்லாமல் போகலாம், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பெற்றபின் பதிவு செய்யுங்கள் என்று கூறியது.

"இப்படி அச்சுறுத்தினால் யார் வருவார்?" என்றார் செயற்குழு நண்பர் ஒருவர். அவர் சொன்னது பொய்யாகவில்லை. நாற்பதாக இருந்த எண்ணிக்கை இருபத்தாறாயிற்று. அவர்களிலும் ஒன்பது பேர் சறுக்குத் தளத்தோடு நிறுத்திக்கொண்டனர். தலைக்குரிய கட்டணம் உயர்ந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. வாகனக் கடன் முடியாத காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டாமலிருப்பதே நலம் என்று கேட்பவரிடமெல்லாம் கூறுகிறேன். குழுவில் சிலர் என்னை இதற்காகக் கேலி செய்வதும் உண்டு.

வரும் ஜனவரியில் மீண்டும் நடத்தவிருக்கிறோம். தண்ணீர் லாரிக்கும் ரப்பர்க் கூம்புகளுக்கும் அந்த நண்பரே இம்முறை பொறுப்பேற்றுள்ளார். பழுதுநீக்கச் செலவுக்காக அவர் வாங்கிய தனிநபர் கடனில் இன்னும் பதினொரு தவணைகள் எஞ்சியுள்ளன.