அனைவர்க்கும் திறந்த அரங்கு

பொருளாதாரம் வல்லுநர்க்கு மட்டுமே உரிய துறை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், விலையேற்றத்தின் சுமையைத் தாங்குவோர் பொதுமக்களே. ஆதலின், அதன் காரணங்களை அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

இவ்வுரிமையை மதிக்கும் நிறுவனங்களுள் ஒன்று இலண்டன் கிரெசாம் கல்லூரி. வணிகர் தாமசு கிரெசாமின் விருப்ப ஆவணத்தின்படி 1597இல் தொடங்கப்பெற்ற இக்கல்லூரியில் தேர்வும் இல்லை; பட்டமும் இல்லை. எவரும் கட்டணமின்றி உரை கேட்கலாம். இலத்தீன் கற்றோர் மொழியாக விளங்கிய அக்காலத்திலேயே, மக்கள் மொழியான ஆங்கிலத்திலும் அங்கு உரைகள் நிகழ்ந்தன. வானியல், சட்டம், இசை முதலிய ஏழு துறைகளோடு 20ஆம் நூற்றாண்டில் வணிகவியலும் சேர்ந்தது.

இத்தகைய உரைகளின் தேவை இன்று மிகுந்துள்ளது. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 நவம்பரில் 0.1 விழுக்காடு, 2023 ஆகஸ்டில் 5.25 விழுக்காடு. வட்டி உயர்ந்தால் கடன் குறையும், செலவு சுருங்கும், விலையேற்றம் தணியும் என்பது வல்லுநர் கருத்து. ஆயினும், வீட்டுக்கடன் தவணை கூடியதால் திகைத்த குடும்பத்துக்கு இதனை விளக்குவார் யார்? செய்தித்தாளின் ஒரு வரி போதாது. கேட்போர் ஐயம் எழுப்பி விடைபெறும் அரங்கு வேண்டும்.

எளிமைப்படுத்தினால் ஆழம் குறையும் என்பர் சிலர். பிறர்க்குப் புரியுமாறு உரைக்கும்போதுதான் அறிஞரின் தெளிவே வெளிப்படுகிறது. எனவே, கல்லூரிகள் தம் பொருளியல் சிறப்புரைகளை மாணவரோடு நிறுத்திவிடாமல், மக்கள் மொழியில், வினாவுக்கு இடமளித்து, அனைவர்க்கும் உரியனவாக்க வேண்டும். காரணம் அறிந்த குடிமக்களே ஆட்சியின் முடிவுகளை எடைபோட வல்லவர்.