ப்ளூடூத் போட்டுப் பேசினால் ஆபத்தில்லையா?

"கையில ஃபோனைப் பிடிச்சுப் பேசினாத்தான் தப்பு. நான் ப்ளூடூத்துலதான பேசுறேன், ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான் இருக்கு." பைக் ஓட்டுகிறவர்களிடம் பேச்செடுத்தால் அடிக்கடி வரும் பதில் இது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனைச் செருகிக்கொண்டு போகிறவரைத் திட்டுகிறவர்கள்கூட, காதில் ப்ளூடூத் மாட்டியவரைப் பொறுப்பானவர் என்றே எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதைச் சும்மா விட முடியாது.

முதலில் கை. கனடாவின் டொராண்டோவில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் செல்ஃபோன் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். ஃபோன் பேசும் நேரத்தில் வண்டி மோதும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. 2005-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், காயத்தோடு மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து வெளியான ஆய்விலும் அதே நான்கு மடங்குதான். அங்கும் கையில் பிடித்துப் பேசியவர், பிடிக்காமல் பேசியவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை.

காரணம், ஆபத்து கையில் இல்லை, பேச்சில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர், வண்டியோட்டும் சிமுலேட்டரில் அமர்ந்தவர்களின் பார்வை எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். கையில் பிடிக்காமல் ஃபோனில் பேசியவர்களின் கண் சாலையோர விளம்பரப் பலகைமீது நேராகவே பட்டிருந்தது. பிறகு கேட்டபோது அந்தப் பலகைகள் பலவும் அவர்கள் நினைவில் இல்லை. கண் பார்த்தது, மனம் பதியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வு இன்னும் நுட்பமானது. அதில் கலந்துகொண்டவர்கள் பேசக்கூட இல்லை, காதில் விழுந்த வாக்கியம் சரியா தவறா என்று மட்டும் முடிவு செய்தார்கள். அதற்கே, வண்டியோட்டத் தேவையான மூளைப் பகுதியின் இயக்கம் 37 சதவீதம் குறைந்தது.

இதை நம் சாலையில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. மனம் இரண்டு நொடி வேறெங்கோ இருந்தால் 22 மீட்டர். அந்த இடைவெளிக்குள் ஒரு நாய் குறுக்கே ஓடலாம், டவுன் பஸ் சட்டென்று ஒதுங்கி நிற்கலாம், ராங் சைடில் ஒருவர் வரலாம், மூடாத பள்ளம் இருக்கலாம். பள்ளத்தைக் கவனிக்காத காருக்கு அடி டயரோடு போய்விடும். பைக்கில் இருப்பவர் தூக்கி எறியப்படுவார்.

"பின்னாடி உக்காந்திருக்கவங்ககிட்ட பேசுறதில்லையா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. பின்னால் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. நெரிசல் வந்தால் அவர் தானாகப் பேச்சை நிறுத்துகிறார், "பாத்து, லாரி வருது" என்கிறார். ஃபோனில் "டார்கெட் என்னாச்சு?" என்று கேட்கும் மேனேஜருக்கு அந்த லாரி தெரியாது. யூட்டா குழுவே 2008-ல் இதையும் சோதித்தது: பக்கத்தில் இருப்பவரோடு பேசியபடி ஓட்டியவர்களைவிட, ஃபோனில் பேசியவர்கள்தாம் திரும்பவேண்டிய இடத்தை அதிகம் தவறவிட்டார்கள்.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் வண்டிகளிலேயே கேமரா பொருத்தி நடத்திய ஆய்வுகளில், நம்பரை அழுத்துவதும் மெசேஜ் அனுப்புவதும்தான் பெரிய ஆபத்தாகத் தெரிந்தன. கையில் பிடிக்காமல் பேசுவது விபத்து வாய்ப்பைக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டே மெசேஜ் தட்டுவதைவிட ப்ளூடூத்தில் பேசுவது மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை அமெரிக்கச் சாலைகளில் காரும் லாரியும் ஓட்டியவர்களிடம் எடுத்த கணக்குகள். வடபழனி நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கு அவற்றை நற்சான்றாக நீட்டுவது நியாயமில்லை.

ஒரு காதில் மட்டும் பட்ஸ் போட்டால் போதுமா? கவனம் சிதறுவதற்கு ஒரு காதே போதும். தவிர, ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் ஹார்ன் கேட்கும், எந்தப் பக்கம் என்பது குழம்பும்.

சட்டம் அனுமதிக்கிறதே என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடிக்கும் கருவியைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. ஆனால் கவனமுள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் தரத்துக்கு வெகுவாகக் கீழே ஓட்டுவதையும் அதே பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. ப்ளூடூத்துக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமோ, ஓட்டும்போது கையில் பிடிக்காமல் பேசுவதையும் தடை செய்யும்படி 2011-லேயே பரிந்துரைத்துவிட்டது.

ஃபோன் மேப்பில் வழி சொல்லும் குரலை நான் இந்த ஆபத்தில் சேர்க்கவில்லை. அது சுருக்கமானது, சாலையைப் பற்றியது, பதிலும் கேட்பதில்லை.

உணவு டெலிவரி செய்கிறவர்களுக்கும் களப்பணி விற்பனையாளர்களுக்கும் அழைப்பை எடுக்காமல் இருப்பது எளிதல்ல. எடுக்காவிட்டால் பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் ஓட்டுகிறவரைவிட அழைக்கிறவரிடம்தான் என் வேண்டுகோள். பேச ஆரம்பிக்கும்முன் "வண்டியிலயா இருக்கீங்க?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், "ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள்.