சீஸ்கேக்கில் சீஸ் எங்கே?

பிறந்தநாளா, பரீட்சைப் பெறுபேறா, தோழியரின் ஒன்றுகூடலா, எதுவென்றாலும் இன்று எம் வயதினரின் முதல் தெரிவு சீஸ்கேக்தான். படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிய பிறகே கரண்டியைத் தொடுகிறோம். ஆனால், உண்டு முடிந்ததும் மனம் நிறைந்ததா என்று எம்மை நாமே கேட்பதில்லை.

பெருநாள் காசில் தோழியருடன் சில கடைகள் ஏறி இறங்கிய பின் நான் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் நிறையவில்லை என்பதே என் பதில். அடியில் மாரி பிஸ்கட் தூள், நடுவில் தித்திக்கும் கிறீம், மேலே சிவப்பாக ஒரு ஜாம் பூச்சு. சீஸுக்கே உரிய புளிப்பும் மெல்லிய உப்பும் நாக்கில் படவேயில்லை. "இதில் சீஸ் எவ்வளவு?" என்று ஓரிடத்தில் விசாரித்தேன். "நல்லா இருக்கும் தங்கச்சி" என்ற சிரிப்புத்தான் கிடைத்தது.

சீஸ்கேக்கில் இரு வகை உண்டு. ஒன்று கிறீம் சீஸ், முட்டை, சீனி கலந்து ஒவனில் வேகவைப்பது. மற்றது வேகவைக்காமல் ஜெலட்டின் சேர்த்துக் குளிரில் இறுகவைப்பது. இரண்டாவது வகையும் நன்றாகச் செய்தால் சுவையானதே. ஆனால் விலை கூடிய சீஸைக் குறைத்து, கிறீமையும் ஜெலட்டினையும் கூட்டினாலும் பெயர் மட்டும் மாறுவதில்லை.

இங்கே சுவையை விடப் பெரிய விடயம் ஒன்றும் இருக்கிறது. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அது பன்றியினதாகவும் இருக்கலாம். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பி ஹலால் இலச்சினையைத் தேடும் நாம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக் துண்டைப் பற்றி ஏன் கேட்கக் கூச்சப்படுகிறோம்? காசு கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. எமக்கோ அது கடமையும்கூட.

"இதெல்லாம் வீட்டில் செய்ய ஏலாது" என்பார் சிலர். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்த உம்மாவுக்கு சீஸ்கேக்கின் பாதி இரகசியம் ஏற்கெனவே தெரியும். இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது முட்டைதான். சூடு மிஞ்சினால் வட்டிலப்பத்தில் ஓட்டை விழும். சீஸ்கேக்கில் வெடிப்பு விழும். எனவே 160 பாகை செல்சியசில், சுடுநீர் ஊற்றிய தட்டில் வைத்து நிதானமாக வேகவைக்க வேண்டும். ஓரம் இறுகி, நடு இலேசாக ஆடும்போதே ஒவனை நிறுத்தி, உள்ளேயே ஆறவிட வேண்டும். பிறகு ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

கிறீம் சீஸ் வாங்கக் கட்டுப்படியாகாதா? எருமைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஓரிரவு குளிரில் நீர் வடியவிடுங்கள். வடித்த தயிர் 500 கிராம், சீனி 125 கிராம், முட்டை 3, சோளமா ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் துருவிய தேசிக்காய்த் தோல். இது கிறீம் சீஸின் அதே சுவை என்று சொல்லமாட்டேன். ஆனால் புளிப்பு உண்மையானது, ஜெலட்டினும் தேவையில்லை.

வெளியில் உண்பதை விட்டுவிடுங்கள் என்பதல்ல என் கருத்து. தோழியருடன் ஒரே துண்டைப் பங்குபோட்டு உண்பதில் தனி இன்பம் உண்டு. ஒருமுறையேனும் தானே செய்து பார்த்தவளுக்குத்தான் எந்தக் கடை கொடுத்த காசுக்கு நேர்மையாக இருக்கிறது என்று தெரியும். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் சகோதரிகளிடம் பேரம் பேசவும் அவளுக்கு மனம் வராது. அவர்களது உழைப்பின் கணக்கு அவளுக்குப் புரிந்திருக்கும்.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் மகள் சீஸ்கேக் கேட்டால் ஒருதடவை காசுக்குப் பதில் ஒரு சட்டித் தயிர் வாங்கிக் கொடுங்கள். தோழியரே, அடுத்தமுறை கடையில் படம் எடுக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதில் சீஸ் எவ்வளவு? ஜெலட்டின் எதிலிருந்து வந்தது?