வெட்கம் மருந்தாகாது



பெயர் குறிப்பிடாமல் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தங்கையின் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிய வந்திருக்கிறது. கூடவே ஹெர்பீஸ் என்னும் கொப்புள நோயும் உண்டாம். உறவினர் ஒருவர், "ஹெர்பீஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் குளிசை எச்.ஐ.வி. உள்ளவரின் ஆயுளையும் நீட்டும். அதையே வாங்கிப் போடட்டும். கிளினிக்குக்குப் போய் ஊர் வாயில் விழ வேண்டாம்" என்று சொல்கிறாராம். "மௌலவி, இது போதுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. மருந்து ஒரு காரணம் மட்டுமே. ஆனால் அந்தக் காரணத்தைத் தேடுவது நம்மீது கடமை. வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்றும் கற்பித்தார்கள்.

உறவினர் சொன்னது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. ஹெர்பீஸ் புண் உண்டாகும் இடத்தில், எச்.ஐ.வி. குடியிருக்கும் இரத்த அணுக்களும் வந்து கூடுகின்றன. அதனால் ஒரு கிருமி கிளம்பினால் மற்றதும் பெருகுகிறது. எச்.ஐ.வி.க்கு வலுவான மருந்து இல்லாத காலத்தில் நடந்த 8 ஆய்வுகளை 1998இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அதிக அளவு அசைக்ளோவிர் எடுத்தவர்களிடையே மரண அபாயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அடுத்து உகண்டா, கென்யா உட்பட 7 ஆபிரிக்க நாடுகளில் 3,408 தம்பதிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. தம்பதிகளில் ஒருவருக்கு இரு கிருமிகளும் இருந்தன, மற்றவருக்கு எச்.ஐ.வி. இல்லை. நோயாளிகளில் பாதிப்பேருக்கு அசைக்ளோவிரும் மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். 2010இல் முடிவுகள் வெளியாகின. மருந்து எடுத்தவர்களுக்கு ஹெர்பீஸ் புண்கள் 73 வீதம் குறைந்தன. எச்.ஐ.வி. நோய் முற்றுவதும் 16 வீதம் குறைந்தது. ஆனால் வாழ்க்கைத் துணைக்குக் கிருமி தொற்றுவது குறையவே இல்லை.

சகோதரிகளே, இந்தக் கடைசி வசனத்தை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். அந்தக் குளிசையை மட்டும் நம்பியிருந்தால் கணவருக்குக் கிடைப்பது சிறு ஆறுதல். மனைவிக்கோ எந்தப் பாதுகாப்பும் இல்லை.

முழு மருந்து வேறே இருக்கிறது. எச்.ஐ.வி.யையே அடக்கும் கூட்டு மருந்துகள் 1996 முதல் பாவனைக்கு வந்தன. அவற்றை நோயின் ஆரம்பத்திலேயே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால் தாம்பத்திய உறவின் மூலம் அது தொற்றுவதில்லை என்பது இன்று உறுதியாகியிருக்கிறது. அந்த மருந்து நம் நாட்டின் அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்ததையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஆகவே சகோதரிக்கு என் பதில் இதுதான். தங்கையின் கணவர் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போகட்டும். தங்கையும் பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஹெர்பீஸ் குளிசை வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பிறருடைய குறையை மறைப்பது நற்குணம்தான். ஆனால் மனைவிக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தும் மறைப்பது அமானத்துக்குச் செய்யும் மோசடி.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய் எப்படி வந்தது என்று துருவ வேண்டாம். ஒரு பாவமும் அறியாத மனைவிமாருக்கும் குழந்தைகளுக்கும்கூட இது வருகிறது. தவறியவருக்கும் தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. நம்முடைய நாவுக்குப் பயந்து ஒருவர் மருந்தைத் தவிர்த்தால், மறுமையில் நாம் என்ன பதில் சொல்வோம்?

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவையும் எங்களுக்கு இரக்கமுள்ள இதயத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.