மூணு மணி நேரம் கம்பு சுற்றினால் வேகம் வந்துவிடுமா?

போன மாசம் அக்கா மகளைப் பார்க்க இரும்பைக்குப் போயிருந்தேன். திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் இறங்கி, மாகாளேஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், ஒன்பது வயசுப் பேரன் வாசல் சிமென்ட் தரையில் முஷ்டியை மடக்கி ஊன்றி தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். கையை வாங்கிப் பார்த்தேன். விரல் கணுக்கள் இரண்டு வீங்கிச் சிவந்திருந்தன.

"என்னடா இது?"

"கண்டிஷனிங், தாத்தா! கை இரும்பாயிடும்னு மாஸ்டர் சொன்னாரு. ரிஃப்ளெக்ஸும் வேகமாகுமாம்."

அவன் அம்மா காபியோடு வந்தாள். முகமெல்லாம் பெருமை. "மே மாசம் உலக சாதனை மாமா! நூறு பசங்க, மண்பானை மேல நின்னு மூணு மணி நேரம் நிறுத்தாம சிலம்பம் சுத்தறாங்க. சர்டிபிகேட், மெடல் எல்லாம் உண்டு. ஆயிரத்து ஐநூறு கட்டியாச்சு."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக விசிலும் கையுமாக அலைந்தவன் நான். சின்ன வயசில் கம்பும் சுற்றியிருக்கிறேன். பிள்ளைகள் டி.வி.யை விட்டு, செல்போனை விட்டு மைதானத்துக்கு வந்தால் எனக்கு மட்டுமா சந்தோஷம், உலகத்துக்கே சந்தோஷம்தான். 5 முதல் 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்வது. ஆனால் இந்தச் சாதனை வியாபாரம் இருக்கிறதே... ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம்! கண்ணைக் கட்டிக்கொண்டு, ஆணிப் பலகை மேல் நின்று, தலையில் கரகம் வைத்து, கம்பு நுனியில் தீ வைத்து. பிள்ளைகளை இதற்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏன் என்று கேட்டால், எந்த வேகத்துக்காக அனுப்புகிறீர்களோ அந்த வேகமே இதில் கெட்டுப்போகிறது.

முதலில் ரிஃப்ளெக்ஸ் என்றால் என்ன? சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறோமே, அதுதான் அசல் அனிச்சைச் செயல். மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் தண்டுவடமே உத்தரவு போட்டுவிடும். அதை யாரும் கற்றுத்தரவும் வேண்டாம், பெரிதாக வேகப்படுத்தவும் முடியாது. சிலம்பத்திலும் கராத்தேயிலும் நாம் ரிஃப்ளெக்ஸ் என்று சொல்வது வேறு சமாசாரம். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை காலுக்குச் சொல்லி, அவை அசைவது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். பூஜ்யம் கீழே இருக்கும்படி ஒருவர் தூக்கிப் பிடிக்கட்டும். நீங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பூஜ்யத்துக்கு இரு பக்கமும், தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் விடும்போது 'டக்'கென்று பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 30-ஐத் தொட்டால் கால் விநாடி. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் செய்து பார்த்தோம். தினமும் முஷ்டியைத் தரையில் தேய்க்கிற பேரனைவிட, தினமும் முறுக்கு பிழிகிற அவன் பாட்டி இரண்டு செ.மீ. முன்னாலேயே பிடித்துவிட்டாள்!

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மாசக்கணக்கில் பழகினாலும் இந்த அளவு கொஞ்சம்தான் குறையும். நரம்புக்கு ஒரு வேகம் உண்டு, அவ்வளவுதான். அப்படியானால் தேர்ந்த வாத்தியார் மட்டும் எப்படி எந்த அடியையும் தடுத்துவிடுகிறார்? அவர் கம்பைப் பார்ப்பதில்லை சார், தோளைப் பார்க்கிறார். எதிராளியின் இடுப்பு திரும்புவதையும் முன்கால் அழுந்துவதையும் பார்த்து, அடி கிளம்பும் முன்பே அது எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 140 கி.மீ. வேகத்தில் வீசிய பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிகூட ஆகாது. 2000-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பந்து எங்கே தரையில் குத்தப்போகிறதோ அந்த இடத்துக்கு அவர்கள் கண் முன்கூட்டியே போய் நிற்கிறது. கெட்டிக்கார ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரம் போகிறது.

ஆக, வேகம் வேண்டுமென்றால் எதிரில் ஓர் ஆள் வேண்டும். எப்போது, எந்தப் பக்கம் என்று தெரியாத அடி வேண்டும். மூணு மணி நேரச் சுற்றலில் இதில் எது இருக்கிறது? எதிராளி கிடையாது. திரும்பத் திரும்ப ஒரே சுற்று. முதல் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் பிள்ளையின் கண் எங்கோ நிலைகுத்தி நிற்கும். களைத்த உடம்பில் கை மந்தப்படும், சுதாரிப்பு குறையும். அந்த மந்தத்தையே மணிக்கணக்கில் பழக்குகிறோம். மணிக்கட்டும் தோளும் வலிப்பது தனிக் கணக்கு. அதுவும் விழுப்புரம் மாவட்டத்து மே மாச வெயிலில்! தண்ணீர் குடிக்கக் கம்பை இறக்கினால் சாதனை போய்விடும் என்று பயந்து நிற்கிற பிள்ளை மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு?

அடுத்து, கையை இரும்பாக்குகிற விஷயம். இதில் பாதி உண்மை இருக்கிறது. சுமை விழ விழ எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். ஆனால் அது மாசக்கணக்கில் மெதுவாக நடக்கிற வேலை. வளருகிற பிள்ளைகளின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14-16 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 16-18 வயதிலும்தான் அவை முழுசாக எலும்பாகி மூடுகின்றன. அதற்கு முன்னால் சிமென்ட் தரையிலும் ஓட்டிலும் முஷ்டியைக் குத்தினால் அடி விழுவது அந்த இளம் தட்டின் மேல். விரல் கோணலாகவோ குட்டையாகவோ நின்றுபோக வாய்ப்பு உண்டு. கணுவில் வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியாவிட்டால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளையின் எலும்பு கெட்டிப்பட ஓட்டம், ஸ்கிப்பிங், கம்பியில் தொங்குவது, மரம் ஏறுவது போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரூஸ் லீயைவிட உடம்பைப் பதப்படுத்தியவர் யார்? அவரே 1970-இல், சரியாக உடம்பைச் சூடேற்றாமல் தோளில் பளு வைத்துக் குனிந்து நிமிர்ந்ததில் முதுகு நரம்பைக் கெடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் படுத்திருந்தார்.

நம் பழைய முறையில் இந்த அவசரமே கிடையாது. எனக்குக் கற்றுத்தந்த வாத்தியார் மூணு மாசம் கம்பைக் கையில் கொடுக்கவில்லை. காலடி, காலடி, காலடிதான். அதற்கப்புறம் தனிச் சுற்று, கடைசியில்தான் எதிரெதிர் நின்று தொடுமுறை. இரும்பைக்குப் பக்கத்தில் ஆரோவில் பகுதியில் கேரளத்துக் களரியும் சொல்லித்தருகிறார்கள். அதிலும் முதல் பாடம் மெய்த்தாரி, அதாவது உடம்பைப் பழக்குவது. கோல்த்தாரி, அதாவது கம்பு, அதற்குப் பிறகுதான்.

இரும்பைக் கோயிலுக்கே ஒரு சிலம்புக் கதை உண்டு. திருவிழாவில் ஆடிய பெண்ணின் காலிலிருந்து சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் எடுத்து மாட்டிவிட்டாராம். வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்ததாம். சித்தர் கோபத்தில் லிங்கமே மூன்றாகப் பிளந்தது என்பார்கள். செப்புத் தகடு கட்டிய அந்த லிங்கத்தை இன்றும் பார்க்கலாம். அன்றைக்குச் சிரித்த கூட்டம், இன்றைக்குப் பானை மேல் நிற்கிற குழந்தையைப் பார்த்துக் கைதட்டுகிறது.

"அப்போ சர்டிபிகேட் வேணாமா மாமா? பின்னாடி வேலைக்கு உதவுமே!" என்றாள் அக்கா மகள். நியாயமான கேள்வி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. கலைக்கு நல்ல காலம்தான். ஆனால் அரசு வேலை ஒதுக்கீட்டில் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் வாங்கிய பதக்கத்தை. பணம் கட்டினால் தருகிற சாதனைப் பத்திரத்தை இல்லை.

மறுநாள் காலை பேரனை வாசலில் நிறுத்தி இரண்டு டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்தேன். இரு கையையும் விரித்து, ஒரு பந்தை மட்டும் விடுவேன், எந்தக் கை என்று சொல்ல மாட்டேன். மூன்றடி தள்ளி நிற்கிற அவன் இரண்டாவது துள்ளலுக்குள் பிடிக்க வேண்டும். பத்தில் மூன்று பிடித்தான். அப்புறம் கோலமாவால் தரையில் நான்கு கட்டம் போட்டு, நான் கை காட்டுகிற கட்டத்துக்குத் தாவச் சொன்னேன். சில முறை தோளை மட்டும் அசைத்து ஏமாற்றினேன். கடைசியாகக் கம்பை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தலைக்கும் தோளுக்கும் காலுக்குமாக மாற்றி மாற்றி வீச, அவன் விலகிப் பழகினான். மொத்தம் இருபது நிமிஷம், நடு நடுவே ஓய்வு. தப்பு அதிகமானால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை. இந்த வயசுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதுவும் பயிற்சியில் சேர்த்தி. பக்கத்திலேயே ஒற்றைக் காலில் நின்று பார்த்த பாட்டியையும் நான் தடுக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வயசானவர்கள் குளியலறையில் வழுக்கும்போது உதவுவதும் இந்தச் சுதாரிப்புதானே!

மாஸ்டரையும் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை, உழைக்கிற பிள்ளை. "இது இல்லாட்டி பசங்க சேர மாட்டாங்க சார், பெத்தவங்க மெடல் கேக்கறாங்க" என்றார். முஷ்டித் தண்டாலை மட்டும் நிறுத்திவிடுவதாகச் சொன்னார். பேனர் அடித்தாகிவிட்டதாம்.

மே மாசம் பேரன் பானை மேல் நிற்பானா என்பது எனக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளை கட்டிய பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாராம். நேற்று ராத்திரி பேரன் போன் பண்ணினான். "தாத்தா, பத்துக்கு ஏழு பிடிச்சிட்டேன்! அம்மா ரெண்டுதான்."