கூரைக்கு உள்ள கடமை சாலைக்கு இல்லையா?

கோவளத்திலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயின் உவர்நீர். நடுவே ஒடுங்கிய மணல்மேடு. அந்த மணலில் தோண்டிய கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி?

ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல்நீரோ சுமார் 1,025 கிராம். ஆகவே மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே 1 மீட்டர் குறைந்தால்? உப்புநீர் நாளடைவில் 40 மீட்டர் ஏறிவிடும்! அதனால்தான் இங்கே ஒவ்வொரு மழைத்துளியும் முக்கியம்.

இப்போது ஒரு கணக்கு. சாலையின் அகலம் 20 மீட்டர், நீளம் 1 கிலோமீட்டர், ஆண்டு மழை 120 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அந்தத் தார்ப்பரப்பில் விழும் நீர் 2 கோடியே 40 லட்சம் லிட்டர். வெறும் மணலாக இருந்திருந்தால் இதில் ஒரு பகுதி ஆவியாகும். நல்ல பகுதி நிலத்துக்குள் இறங்கியிருக்கும்.

செங்கல்பட்டுப் பக்கம் சிக்கல் வேறு. அது ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். குறுக்கே உயர்ந்த சாலை எழுந்து, சிறுபாலங்கள் போதாமல் போனால், ஒருபுறம் வெள்ளம். மறுபுறம் காய்ந்த ஏரி, வற்றிய கிணறு.

‘சாலையின் அடித்தளத்தில் நீர் தங்கினால் சாலை கெட்டுவிடுமே’ என்பார்கள் பொறியாளர்கள். உண்மைதான். ஆனால், நீரைச் சாலையிலிருந்து அகற்றுவது வேறு; கடலுக்கு விரட்டுவது வேறு. ஓரக் கால்வாய் வழியே சற்றுத் தள்ளிக் கொண்டுபோய், எண்ணெயும் டயர்த் துகளும் படிய விட்டு, மணல் வடிகட்டி வழியாக நிலத்துக்குள் இறக்கலாம். படிந்த சேற்றை ஆண்டுதோறும் மழைக்கு முன் அள்ள வேண்டும். இல்லையேல் குழி அடைத்துக்கொள்ளும்.

இதற்குச் செலவாகாதா? ஆகும். ஆனால் இதே கடற்கரையில், நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. உப்பைப் பிரிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்! வானம் இலவசமாகத் தரும் நன்னீரை வீணாக்குவது என்ன சிக்கனம்?

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. கூரைக்கு உள்ள கடமை சாலைக்கும் வேண்டும். அது சாலை போட்டு முடித்தபின் ஒட்டவைக்கும் வேலையல்ல. முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டியது.

அடுத்த மழையின்போது உங்கள் ஊர்ச் சாலையின் நீர் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சிறுபாலங்களை எண்ணுங்கள், அடைபட்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பெரியவர்கள் மூலம் கிராமசபையில் வைக்கச் செய்யுங்கள். நாளை சாலை போடப்போகிறவர்கள் உங்களில்தானே இருக்கிறார்கள்!